மார்ச் முடிவதற்குள் எரிய வேண்டிய அடுப்பு

என் மகளுக்கு எட்டு மாதம் ஆகியிருந்தபோது மூச்சிரைப்பு வந்தது. எழுபதுகளின் நடுப்பகுதி அது. பொள்ளாச்சிப் பக்கத்தில் பிறந்த நான் கல்யாணமாகி, எல்லை தாண்டி, பாலக்காட்டுச் சித்தூருக்குக் கிழக்கே உள்ள இந்தக் கிராமத்துக்கு வந்து மூன்று வருடம் முடிந்திருந்தது. வீட்டில் நாலே பேர். கணவர், அவருடைய அம்மா, நான், குழந்தை. மாமனாரை நான் பார்த்ததில்லை. நிலமும் வீடும் மாமியார் பெயரில் இருந்தன.

விடிந்ததும் அத்தையும் கணவரும் வயலுக்குப் போய்விடுவார்கள். நான் அடுப்படியில் இருப்பேன். குழந்தையின் தொட்டிலும் அங்கேயேதான் தொங்கும். வேறு அறையில் கட்டினால் அவளைப் பார்த்துக்கொள்ள முடியாது. எரிப்பது தென்னை மட்டையும் பாளையும் பருத்திமாரும். வெயில் காலத்தில் பரவாயில்லை. மழை தொடங்கிவிட்டால் எல்லாம் ஈரம். ஊதி ஊதி என் கண்கள் எந்நேரமும் சிவந்திருக்கும். அதை நான் பெரிதாக நினைக்கவில்லை. எல்லா வீட்டிலும் பெண்களின் கண் அப்படித்தான் இருந்தது. ஆனால் குழந்தையின் நெஞ்சு பூனை உறுமுவது போலச் சத்தம் போட ஆரம்பித்ததும் பயந்துவிட்டேன்.

சித்தூர் ஆஸ்பத்திரி டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்தார். என் புடவையை மோந்து பார்த்தது போல முகத்தைச் சுளித்து, குழந்தையைப் புகையில் வைத்திருக்கிறீர்களா என்று கேட்டார். ஆமாம் என்றேன். அப்படியானால் இந்த மருந்து பாதிதான் வேலை செய்யும் என்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது மடியில் குழந்தை தூங்கிக்கொண்டிருந்தது. மறுநாள் காலை அதே அடுப்பைத்தானே மூட்டப் போகிறோம் என்ற நினைப்பு எனக்கு.

மண்ணெண்ணெய் ஸ்டவ் ஒன்று வாங்கினோம். ரேஷனில் கிடைத்த எண்ணெய் விளக்குக்கே சரியாக இருந்தது. விலையும் ஏறியபடியே இருந்த காலம். ஸ்டவ் அலமாரிக்கு மேல் ஏறிவிட்டது.

அப்போதுதான் கிராமசேவகர் வந்தார். பிளாக் ஆபீஸில் வேலை, ஒற்றப்பாலம் பக்கத்துக்காரர், முப்பது வயதுகூட இருக்காது. சைக்கிளில் வந்து விதை, உரம் பற்றியெல்லாம் மலையாளம் கலந்த தமிழில் சொல்லிவிட்டுப் போவார். அன்று கணவரிடம் ஒரு அச்சடித்த தாளைக் காட்டினார்.

"சாணத்தில இருந்து கேஸ் எடுக்கலாம், கேட்டோ. அடுப்பு எரியும், புகையே கிடையாது. செலவில ஒரு பங்கு சர்க்கார் சப்சிடி தரும். அஞ்சு மாடு உண்டெங்கில் மதி."

எங்களிடம் இரண்டு எருது, இரண்டு பசு, ஒரு எருமை என்று போதுமான ஐந்தும் இருந்தன. நான் கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். 'புகையே கிடையாது' என்ற சொல் மட்டும் என் காதில் நின்றது.

அத்தை அதைக் கேட்டதும் ஒரே கேள்விதான் கேட்டார்.

"சாணியெல்லாம் குழிக்குள்ள போட்டுட்டா வயலுக்கு எருவுக்கு எங்கெ போறதுங்க? அடுப்பெரிய உட்டுப்போட்டு நெல்லுக்கு மண்ணையா போடறது?"

நியாயமான கேள்வி. கேஸ் மட்டும்தான் போகும், சாணம் மறுபக்கம் கூழாக வெளியே வரும், அது முன்னைவிட நல்ல உரம் என்று கிராமசேவகர் விளக்கினார். அத்தை நம்பவில்லை. தாளில் எழுதியிருப்பதை ஒப்பிக்கிறார் இந்தப் பையன் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது. நிலம் அவர் பெயரில் இருந்ததால் விண்ணப்பத்தில் அவர்தான் கையெழுத்துப் போட வேண்டும். அத்தை தாளை மடித்து ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டுப் போய்விட்டார்.

இன்னொரு காரணமும் இருந்தது. கணவர்தான் சொன்னார்.

"மாமன் ஊட்ல ரெண்டு வருசமா இது ஓடுது. அதான் அம்மாவுக்குப் புடிக்கலெ."

மாமன் என்றால் அத்தையின் கூடப்பிறந்த அண்ணன். எங்கள் ஊரிலிருந்து ஐந்தாறு மைல் தள்ளி இருந்தார். அவருடைய மகளைத்தான் என் கணவருக்குக் கட்டுவதாகப் பேச்சு இருந்திருக்கிறது. கணவரும் அந்தப் பெண்ணும் ஒரே வீட்டில் வளர்ந்தது போல வளர்ந்தவர்கள். அவருக்கு அந்த எண்ணம் வரவில்லை. அம்மாவிடம் சொல்லியிருக்கிறார். அத்தை மகன் பக்கம் நின்று, தூரத்துச் சொந்தத்தில் என்னைப் பார்த்துக் கட்டி வைத்தார். அண்ணன் அன்றோடு தங்கை வீட்டு வாசலை மிதிக்கவில்லை. அந்தப் பெண்ணுக்கும் பிறகு நல்ல இடத்தில் கல்யாணம் ஆனது. ஆனாலும் பேச்சு நின்றது நின்றதுதான்.

இது எனக்கு முன்பே அரசல் புரசலாகத் தெரியும். அதனால் அத்தையிடம் கேஸ் அடுப்பு வேண்டும் என்று என் வாயால் நான் கேட்கவே இல்லை. எனக்காக அவர் ஒரு முறை விட்டுக்கொடுத்தது போதும் என்று இருந்தது.

தை மாதத்தில் அத்தைக்கு இரண்டு நாள் காய்ச்சல். வயலுக்குப் போகாமல் அடுப்படியை ஒட்டிய அறையில் படுத்திருந்தார். முதல் நாள் காலை முழுவதும் குழந்தை இருமியதும் இரைத்ததும் அவருக்குக் கேட்டிருக்கிறது. பத்து மணிவாக்கில் போர்வையோடு எழுந்து வந்தார். தொட்டிலிலிருந்து குழந்தையை எடுத்துக்கொண்டு வெளியே போய், மாடு கட்டும் கட்டுத்தரைக்குப் பக்கத்தில் வெயிலில் உட்கார்ந்தார். சமையல் முடியும்வரை உள்ளே வரவில்லை. மத்தியானம் கணவர் சாப்பிட வந்தபோது சொன்னார்.

"அந்தக் கடுதாசியெக் கொண்டா. எங்கெ கையெழுத்துப் போடோணும்னு காட்டு."

அதன் பிறகு காகித வேலை. விண்ணப்பம் மலையாளத்தில். எனக்கு ஒரு எழுத்துத் தெரியாது. கணவர் வாசிக்க, நான் ஒரு பழைய நோட்டில் என்னென்ன வேண்டும் என்று தமிழில் எழுதிக்கொண்டேன். நிலத்துக்குக் கரம் (வரி) கட்டிய ரசீது, நிலம் நம் கைவசம் இருக்கிறது என்று வில்லேஜ் ஆபீஸ் சான்று, மாடு ஐந்து உண்டு என்று இன்னொரு சான்று. ரசீதில் அத்தையின் பெயர் ஒரு மாதிரியும் பத்திரத்தில் இன்னொரு மாதிரியும் இருந்தது. இரண்டும் ஒரே ஆள்தான் என்று எழுதி வாங்க நாலு நடை. சிமெண்டுக்கு பெர்மிட் வாங்க அதற்குமேல் நடை. அத்தையே முன்னால் நடந்தார். ஒரு காரியத்துக்குச் சம்மதித்துவிட்டால் அதில் பாதியில் நிற்கிற வழக்கம் அவருக்கு இல்லை.

மானியம் அடுப்பு எரிந்த பிறகுதான் வரும். அதுவரை செலவு எங்களுடையது. ஜூனில் தொடங்கும் இடவப்பாதி மழைக்கு முன் வீட்டு ஓடு மாற்றுவதற்கென்று வைத்திருந்த பணத்தை எடுத்தோம். மார்ச் மாதம் முடிவதற்குள் அடுப்பு எரிவதை அதிகாரி பார்த்து எழுதிவிட்டால் மழைக்கு முன் பணம் வந்துவிடும், ஓடு மாற்றிவிடலாம் என்று கணக்கு. அந்த மாதம் தாண்டினால் அடுத்த வருடத்துப் புதுப் பட்டியல். அதில் எங்கள் பெயர் இருக்குமா என்று யாராலும் சொல்ல முடியவில்லை.

கேஸைப் பிடித்து வைக்க ஒரு பெரிய இரும்பு டிரம் வேண்டும். பொள்ளாச்சியில் என் அண்ணனுக்குத் தெரிந்த பட்டறையில் குறைந்த விலைக்குச் செய்து தருவதாகச் சொன்னார்கள். கணவர் முன்பணம் கொடுக்கக் கிளம்பிவிட்டார். கிராமசேவகர் பஸ் நிற்கிற இடத்திலேயே ஓடி வந்து பிடித்துக்கொண்டார்.

"ஐயோ, வேண்டா! லிஸ்டில உள்ள பட்டறை பில்லு இல்லாமல் சப்சிடி பாஸ் ஆகாது. தமிழ்நாட்டு பில்லு கண்டால் திருப்பி அனுப்பும்."

கணவர் பஸ்ஸிலிருந்து இறங்கினார். டிரம் பாலக்காட்டிலிருந்து லாரியில் வந்தது. கிணறு போல வட்டமாகத் தோண்டி, செங்கல் கட்டி, பூசி, அதற்குள் சாணக் கரைசலை நிரப்பி, டிரம்மை அதன்மேல் கவிழ்த்து வைப்பார்கள். கேஸ் சேரச் சேர டிரம் மேலே எழும்பும். முதல் முறை நிரப்ப எங்கள் மாடுகளின் சாணம் எந்த மூலைக்கு? அக்கம்பக்கத்துக் கட்டுத்தரைகளில் கேட்டு வாங்கினோம். நானும் அத்தையும் பக்கத்தில் கரைப்பதற்கென்று கட்டிய தொட்டியில் இறங்கி, சாணத்தையும் தண்ணீரையும் சரிக்குச் சரி கரைத்து, வைக்கோலை அரித்தெடுத்து ஊற்றிக்கொண்டே இருந்தோம். என் கைகளில் அந்த வாசனை ஒரு மாதம் போகவில்லை.

மூன்று வாரத்தில் டிரம் எழும்ப ஆரம்பித்தது. குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய்க் காட்டினேன். முதலில் ஒரு சாண், பிறகு ஒரு முழம். கிராமசேவகருக்கு எங்களைவிடச் சந்தோஷம். அவர் பொறுப்பில் கட்டிய முதல் பிளாண்ட் அது. உடனே, பார்த்து எழுத வேண்டிய ஓவர்சியரை அழைத்து வந்துவிட்டார். மார்ச் முடிய இன்னும் ஐந்து நாள் இருந்தது.

ஓவர்சியர் ஜீப்பில் வந்தார். நடுவயதுக்காரர். கிணற்றை அளந்தார், டிரம்மைத் தட்டிப் பார்த்தார், பில்லை வாங்கிப் பார்த்தார். எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். பிறகு அடுப்படிக்கு வந்தார். புது பர்னர் மேடைமேல் இருந்தது. கணவர் குழாயைத் திறக்க, நான் தீக்குச்சியைக் கிழித்துக் காட்டினேன்.

எரியவில்லை.

கேஸ் வரும் சத்தம் மட்டும் கேட்டது. தீக்குச்சி அணைந்தது. இன்னொன்று. அதுவும் அணைந்தது. ஏதோ வாயால் ஊதி அணைப்பது போல ஒவ்வொன்றும் அணைந்தது. பாதிப் பெட்டி தீர்ந்தது. கிராமசேவகர் முகம் வெளுத்துவிட்டது. அவரும் ஒரு குச்சியைக் கிழித்தார். வேடிக்கை பார்க்க வந்த அக்கம்பக்கத்துப் பெண்களில் யாரோ சிரித்தார்கள். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

ஓவர்சியர் கோபப்படவில்லை. "எரியாமல் எரிஞ்சதாய் எழுதான் பற்றில்லா, முடியாது அம்மா," என்று அத்தையிடம் சொன்னார். "மாசம் தீருன்னதுக்கு முன்பு எரிஞ்சால் ஆளனுப்புங்கள். நான் வருவேன்."

ஜீப் போன பிறகு கிராமசேவகர் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார். பயிற்சியில் சொன்னபடிதான் எல்லாம் செய்திருப்பதாகத் திரும்பத் திரும்பச் சொன்னார். கணவர், மாற்றாமல் விட்ட கூரை ஓடுகளை ஒரு முறை அண்ணாந்து பார்த்துவிட்டு மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனார். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது. அன்று சாயங்காலம் மறுபடி பருத்திமாரைப் பற்றவைத்துச் சோறு பொங்கினேன். புகையில் அழுதால் யாருக்கும் தெரியாது என்பது ஒன்றுதான் அதில் இருந்த வசதி.

மறுநாள் விடிந்து பார்த்தால் அத்தையைக் காணவில்லை. கட்டுத்தரையில் எருதுகளும் இல்லை, வண்டியும் இல்லை. எங்கள் வயலில் வேலை செய்கிறவர் ஒருவர்தான் வண்டி ஓட்டிப் போயிருந்தார். எங்கே என்று கணவருக்கும் தெரியவில்லை. எனக்கு மட்டும் லேசாகச் சந்தேகம். நினைத்துப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

பிற்பகல் மூன்று மணிக்கு வண்டி வந்தது. வண்டியில் மூடி போட்ட இரண்டு தார் டின்கள். அவற்றைப் பிடித்துக்கொண்டு அத்தை. அத்தைக்குப் பக்கத்தில், நான் அதுவரை பார்த்திராத ஒரு பெண். நீலப் புடவை, என் வயதுதான் இருக்கும். வண்டி நின்றதும் இடுப்பில் சேலையைச் செருகிக்கொண்டு குதித்து இறங்கினாள். கணவர் அவளைப் பார்த்து, "எப்ப வந்தே?" என்றார். "பொறந்த ஊட்டுக்கு வந்து நாலு நாளாச்சு மாமா," என்றாள். அவ்வளவில் யாரென்று எனக்குப் புரிந்துவிட்டது.

என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். அவள்தான் என்னிடம் வந்தாள்.

"அக்கா, டிரம்முல மொதல்ல சேந்த கேஸெ தெறந்து உட்டீங்களா?"

"இல்லீங்களே. அப்படியேதான் இருக்குது."

"அதான். மொதல்ல வர்றது வெறுங்காத்துங்க. எரியாது. எங்க ஊட்லயும் இப்புடித்தான் ஆச்சு. எங்கப்பா கொத்தனாரெப் புடிச்சு அந்தத் திட்டுத் திட்டுனாரு."

சொல்லிக்கொண்டே குழாயை முழுக்கத் திறந்தாள். டிரம் மெதுவாகக் கீழே இறங்கியது. இத்தனை நாள் ஏறியது எல்லாம் கண்முன்னால் போனது. அன்றும் வந்திருந்த கிராமசேவகர் தன் சின்ன நோட்டை எடுத்து எழுதிக்கொண்டே இருந்தார். வண்டியில் வந்த டின்களில் அவர்கள் வீட்டுக் குழியிலிருந்து எடுத்த பழைய கரைசல் இருந்தது. பாலுக்கு உறை ஊற்றுவது போல அதை எங்கள் குழிக்குள் விட வேண்டுமாம்.

"இந்த வெயிலுக்கு ரெண்டே நாள்ல ஏறும் பாருங்க. ஏறாட்டி என்னெக் கேளுங்க," என்றாள்.

அன்று அவள் எங்கள் வீட்டில் தங்கினாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, தனக்கு இன்னும் குழந்தை இல்லை என்பதைச் சாதாரணமாகச் சொன்னாள். இருவரும் சேர்ந்து வெங்காயம் உரித்தோம். பழைய கல்யாணப் பேச்சை அவளும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை. ஆனால் போகும்போது வாசலில் நின்று சிரித்தபடி, "நல்லவேளைங்க அக்கா, எனக்கு இவரெக் கட்டி வெக்கலெ. சின்னப்புள்ளையில என்ற சிலேட்டெ ஒடச்சவரு," என்றாள். மூன்று வருடமாக என் நெஞ்சில் இருந்த ஒன்று அன்றைக்கு இறங்கியது.

அண்ணனிடம் போய் அத்தை என்ன சொன்னார், அவர் என்ன சொன்னார் என்று வண்டியோட்டிக்குக்கூடத் தெரியவில்லை. வாசலில் நிறுத்தச் சொல்லிவிட்டு உள்ளே போனவர், ஒரு மணி நேரம் கழித்து மோர் குடித்த வாயைத் துடைத்துக்கொண்டு வந்தார் என்று மட்டும் சொன்னார். நானும் அத்தையைக் கேட்கவில்லை.

டிரம் ஏறியது. மார்ச் கடைசி நாள் காலையில் ஒரு முழத்துக்கு மேல் நின்றது. கணவர் பர்னரில் குச்சியைக் காட்டினார். 'பக்' என்று ஒரு சத்தம். நீலமாக, அநேகமாகக் கண்ணுக்கே தெரியாத மாதிரி ஒரு சுடர் வட்டமாக நின்றது. நாங்கள் மூன்று பேரும் குனிந்து அதைப் பார்த்தோம். அத்தைதான் சுதாரித்துக்கொண்டு, "பாத்துட்டு நிக்காதெ, அந்த ஆபீசரெக் கூட்டியா, ஓடு!" என்று மகனை விரட்டினார்.

அன்று ஜீப் கிடைக்கவில்லை. வருடக் கடைசி, எல்லா ஜீப்பும் எங்கெங்கோ போயிருந்தன. ஓவர்சியர் பஸ்ஸில் வந்து, பஸ் நிற்கிற இடத்திலிருந்து கிராமசேவகரின் சைக்கிள் கேரியரில் உட்கார்ந்து வந்தார். வேட்டியை மடித்துக் கட்டி, ஒரு கையில் ஃபைலும் இன்னொரு கையில் குடையுமாக அவர் வரப்பில் வந்ததை இன்றைக்கு நினைத்தாலும் சிரிப்பு வரும். சொன்ன வார்த்தைக்காக வந்த மனிதர் என்பதால் அன்று யாரும் சிரிக்கவில்லை.

உரிமையாளர் பற்றவைக்கட்டும் என்று அவர் சொன்னார். அத்தை தீப்பெட்டியை என்னிடம் நீட்டினார்.

"இவெ பத்த வெப்பா. அடுப்பு இவளோடது."

முதல் குச்சியிலேயே எரிந்தது. ஓவர்சியர் பாத்திரம் ஒன்றை வைக்கச் சொன்னார். குழந்தைக்குப் பால் வைத்தேன். பொங்கி வரும்வரை நின்று பார்த்துவிட்டு ஃபைலில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். அத்தை அந்தப் பாலைக் கையில் வாங்கி, சாண வாசனை வருகிறதா என்று மோந்து பார்த்து, ஒரு வாய் குடித்துப் பார்த்து, பிறகுதான் குழந்தைக்குக் கொடுக்க விட்டார்.

பணம் நாங்கள் நினைத்தபடி மழைக்கு முன் வரவில்லை. இடவப்பாதி முழுக்க வீடு ஒழுகியது. மூன்று இடத்தில் பாத்திரம் வைத்தோம். ஆனால் அந்த மழையில் நான் ஒரு நாள்கூட ஈர விறகை ஊதவில்லை. நெல் புழுக்கவும் குளிக்க வெந்நீர் வைக்கவும் வெளியே பழைய அடுப்பு இருந்தது. உள்ளே கேஸ்தான். விடாமல் மழை பெய்த சில நாட்களில் சுடர் கொஞ்சம் மெலிந்தது, அவ்வளவே. குழந்தையின் இரைப்பு அந்த மழையில் இரண்டு முறை எட்டிப் பார்த்துவிட்டுப் போய்விட்டது. புகை நின்றதாலா, வயது ஏறியதாலா என்று எனக்குத் தெரியாது. எதனாலோ, அவள் நெஞ்சில் காதை வைத்துக் கேட்டபடி நான் விழித்திருக்க வேண்டியது இல்லாமல் போனது.

ஆடியில் பிளாக் ஆபீஸிலிருந்து தபால் வந்தது. அத்தையும் நானும் பஸ்ஸில் போனோம். நீளமான பெஞ்சில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்தோம். கிளார்க் ஒரு பெரிய புத்தகத்தைத் திருப்பி வைத்து, "இவிடே ஒப்பிடணும்," என்று கையெழுத்துப் போட வேண்டிய இடத்தை விரலால் காட்டினார். அத்தை நிதானமாக, ஒவ்வொரு எழுத்தாகத் தன் பெயரை எழுதினார். செக்கை வாங்கி என்னிடம் கொடுத்தார். இங்கிலீஷில் இருந்த பெயரையும் தொகையையும் நான் எழுத்துக் கூட்டி இரண்டு முறை பார்த்தேன். பெயரில் எழுத்துப் பிழை இல்லை.

வெளியே வந்து எதிரில் இருந்த கடையில் காப்பி குடித்தோம். ஆளுக்கொரு வடை வேண்டும் என்று அத்தையே சொன்னார். ஓடு மாற்றுகிறவரிடம் இன்றைக்கே சொல்லிவிடலாமா என்று நான் கேட்டேன். "மொதல்ல ஊட்டுக்குப் போலாம் கண்ணு," என்றார். என்னை அவர் அப்படிக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. திரும்பி வரும் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்தவர், பஸ் சித்தூரைத் தாண்டுவதற்குள் என் தோளில் சாய்ந்து தூங்கிவிட்டார். சாரல் அவர்மேல் படாமல் நான் எட்டி ஜன்னல் படுதாவை இறக்கிவிட்டேன்.